கலப்பத்துப் போட்ட யுகுலேலே

தூத்துக்குடியில் மரத்தால் ஆகிற காரியம் எதுவானாலும் என்னிடம் வந்தால் போதும் என்று நான் சொல்லிக்கொள்வது உண்டு. சும்மா சொல்லவில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தோணி கட்டுகிற ஓடாவிகளிடம் கூலிக்கு உளி பிடித்து, பிறகு சொந்தப் பட்டறை போட்டு, சரக்குத் தோணியும் மீன்பிடி வள்ளமுமாக எத்தனையோ கடலில் இறக்கிவிட்டேன். ஒன்றுக்கும் காகிதத்தில் படம் போட்டதில்லை. சாண், விரல்கடை, அதற்கு மேல் என் கண். நான் கட்டிய தோணி மாலத்தீவில் ஒரு வெங்காயச் சாக்குகூட நனையாமல் இறக்கிவிட்டுத் திரும்பி வந்திருக்கிறது. இதை வேறு யாராவது சொல்லட்டும் என்று காத்திருந்தேன். எழுபத்தைந்து வயதாகிவிட்டது, ஒருவரும் சொல்லக் காணோம். அதனால் நானே சொல்கிறேன்.

ஆனால் நான் செய்ததிலேயே பெரிய வேலை எது என்று கேட்டால், மடியில் அடங்குகிற ஒரு சின்னப் பெட்டியைத்தான் எடுத்துக் காட்டுவேன். பூவரசு மரம், நாலு நரம்பு, நடு வயிற்றில் ஓர் அலுமினியக் கூம்பு. அதற்குப் பெயர் யுகுலேலே. அதை என் வீட்டுக்காரிக்காகச் செய்தேன்.

அவள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே மாதா கோயில் பாடகர் குழுவில் கிட்டார் வாசித்தவள். சிக்குன்குனியா வந்து போனபோது காய்ச்சல் போய்விட்டது, விரல் முட்டில் வீக்கம் மட்டும் தங்கிவிட்டது. கிட்டாரின் கம்பியை அவளால் அழுத்த முடியவில்லை. பேரப்பிள்ளைகள் விளையாட மருமகள் ஒரு யுகுலேலே வாங்கிப் போட்டிருந்தாள். நைலான் நரம்பு, பஞ்சு மாதிரி அழுந்தும். பிள்ளைகள் இரண்டு நாளில் அதை மறந்துவிட்டார்கள். இவள் எடுத்துக்கொண்டாள். மூன்று மாதத்தில் கோயில் பாட்டு முழுவதும் அதில் வந்துவிட்டது.

வந்து என்ன பயன்? கோயிலில் கீபோர்டு இருக்கிறது, தபேலா இருக்கிறது, இருபது பேர் வாய் இருக்கிறது. அந்தக் குட்டிப் பெட்டியின் சத்தம் பக்கத்தில் நிற்கிறவளுக்கே கேட்காது. மைக் வைத்துப் பார்த்தார்கள், விசில் அடித்தது. மைக்கைத் தள்ளி வைத்தால் விசில் நின்றது, யுகுலேலேயும் நின்றது.

அந்த வருசம் எங்களுக்குக் கல்யாணம் ஆகி ஐம்பது வருசம். நன்றிப் பூசை வைக்க முடிவு பண்ணினோம். பூசை முடிவில் பாடுகிற பாட்டில் ஓர் அடியைத் தான் தனியாக வாசிக்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். பாடகர் குழுவை நடத்துகிற தம்பி, வங்கியில் வேலை பார்க்கிறவர், நல்ல மனுசன்தான். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"மாமி, நீங்க சும்மா கையில புடிச்சிக்கிட்டு நில்லுங்க. போட்டோவுல அழகா இருக்கும். சத்தத்த நான் கீபோர்டுல பாத்துக்கிடுதேன்."

வீட்டுக்கு வந்தவள் சேலையை மாற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அம்பது வருசமா ஒங்க கொட்டாப்புளிச் சத்தத்த ஊரே கேட்டாச்சு," என்றாள். "என் சத்தத்த ஒரு நா கேக்கட்டும்னு நெனச்சேன். கேக்காதுன்னா அன்னைக்கோட நான் பாட்டுக் குழுவுல இருந்து எறங்கிக்கிடுதேன். புடிச்சிக்கிட்டு நிக்கதுக்கு ஒரு குத்துவிளக்கு போதும்."

கொட்டாப்புளி என்றால் எங்கள் மரச் சுத்தியல். அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் துறைமுகத்தில் நின்ற கப்பலில் இருந்து பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் வந்திருந்தார். பூசை முடிந்ததும் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பையிலிருந்து ஒரு யுகுலேலேயை எடுத்தார். பார்க்க இவளுடையது மாதிரிதான். ஆனால் நடுவில் ஓட்டைக்குப் பதிலாக வட்டமாக ஒரு தகடு, தகட்டில் பூவேலை போல ஓட்டைகள். அவர் விரலை வைத்ததும் காக்காய் எழும்பியது. அத்தனை சத்தம்.

சத்தம் என்று சொன்னால் சரியாக வராது. தூத்துக்குடிக்காரன் எழுதினால் முத்தைக் கொட்டினாற்போல என்று எழுதுவான் என எதிர்பார்ப்பீர்கள். நான் முத்தைக் கொட்டிப் பார்த்தவன் இல்லை. உப்பைக் கொட்டிப் பார்த்திருக்கிறேன். நல்ல காய்ந்த கல்லுப்பை ஒரு பிடி அள்ளி அலுமினியச் சட்டியில் எறிந்தால் முதலில் ஒரு சுள், பிறகு சட்டி முழுக்க ஒரு ரீங்காரம் சுற்றும் பாருங்கள், அதுதான். நரம்பு நைலான் என்பதால் அடி மெத்தென்று இருக்கும். வால் மட்டும் உலோகம்.

பாடகர் குழுத் தம்பி ஆங்கிலத்தில் கேட்டுக் கேட்டு எங்களுக்குச் சொன்னார். உள்ளே மெல்லிய அலுமினியக் கூம்பு இருக்கிறதாம். நரம்பின் அதிர்வு அதில் இறங்கி, கூம்புதான் பாடுகிறதாம். மரப்பெட்டி அதற்கு வீடு மாதிரி. கப்பலில் இவருடைய கூட்டாளி ஒருவரிடம் பெட்டியே முழுக்க உலோகத்தில் ஒன்று இருக்கிறது. அது இதைவிடத் தூரம் போகும், ஆனால் காதைக் கடிக்கும். மரம் என்றால் அந்தக் கூர்மையைக் கொஞ்சம் குடித்துக்கொள்ளும் என்றார்.

இவள் கையை நீட்டினாள். அவர் கொடுத்தார். இவள் அந்த நன்றிப் பாட்டை வாசித்தபோது செருப்பு மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் புறப்பட்டவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். பிறகு பெட்டியைப் பார்த்தேன். வாங்கிச் சாண் போட்டேன். உடம்பு ஒரு சாணும் நாலு விரலும், ஆழம் நாலு விரல், தகட்டின் வட்டம் எட்டு விரல். தகட்டின் ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தால் உள்ளே பளபளவென்று கூம்பு. கூம்பின் உச்சியில் காசு அளவு ஒரு மரவில்லை, வில்லையின் மேல் நரம்பைத் தாங்குகிற சின்னக் குதிரை.

"கழத்திக் காட்டச் சொல்லட்டுமா மாமா?" என்றார் தம்பி.

"எதுக்கு? கப்பலையே வெளியில நின்னு பாத்துட்டுக் கட்டுதவன் நான்," என்றேன். "பதினஞ்சு நாள்ல செஞ்சு காட்டுதேன்."

மறுநாள் அந்தக் கப்பல் போய்விட்டது. கழற்றிக் காட்டச் சொல்லியிருக்கலாம்.

வேலையை எப்படிச் செய்தேன் என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இதை எழுதுவதில் எனக்கு ருசி இல்லை. பூவரசு பலகையைத் தீக்குச்சி கனத்துக்கு இழைத்தேன். பெட்டியின் பக்கங்களுக்காக வளைக்க, பழைய லாரி சைலன்சர் குழாயை அடுப்பில் காயவைத்து, பலகையை நனைத்து அதன் மேல் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தினேன். தோணிப் பலகையைத் தீ காட்டி வளைக்கிற அதே வேலை, குட்டியாக. முதல் பலகை படக்கென்று போயிற்று. இரண்டாவது பலகை வெண்ணெய் மாதிரி வளைந்தது. கழுத்துக்குத் தேக்கு. விரல் வைக்கிற இடத்தில் குறுக்குக் கம்பிகள் வரும், அந்த இடைவெளி தவறினால் சுருதி போச்சு. அதற்கு அவளுடைய பழைய யுகுலேலேயின் பக்கத்தில் ஒரு குச்சியை வைத்து ஒவ்வொரு கம்பிக்கும் கீறல் போட்டு, அந்தக் குச்சியைக் கொண்டு புதுக் கழுத்தில் குறித்தேன். நரம்பையும் அதை முறுக்குகிற முடுக்காணியையும் பழையதிலிருந்தே கழற்றினேன்.

கூம்புக்கு, அலுமினியப் பாத்திர மூடி செய்கிற என் வயசுச் சிநேகிதரிடம் போனேன். லேத்தில் ஒரு மர அச்சைச் சுற்றவிட்டு, தகட்டை அதன் மேல் நீளக் கம்பியால் அழுத்தி அழுத்தி உருவம் வரவைப்பார். அச்சை நானே கடைந்து கொண்டு போனேன்.

"நல்ல கனமாப் போடும்," என்றேன். "என் கையால ஆகுத சாமான், நூறு வருசம் நிக்கணும்."

"கனமாப் போட்டா அதுல கறிதான் வய்க்கலாம் வே," என்றார். "பாடணும்னா காயிதம் மாதிரி இருக்கணும். ஒமக்கு எது வேணும், கறியா, பாட்டா?"

பாட்டுதான் என்று சொல்லி, காகிதம் மாதிரி ஒரு கூம்பை வாங்கி வந்தேன். ஓலைத் தொப்பியைக் குட்டியாக்கினாற்போல இருந்தது. விரலால் சுண்டினால் விர்ரென்று பாடியது.

பெட்டியின் வட்ட ஓட்டைக்குள் மரத்தில் ஒரு வளையப் படி வைத்திருந்தேன். கூம்பின் விளிம்பு உட்கார வேண்டியது அதன் மேல்தான். உட்காரவைத்தேன். மரமும் தகடும் சேர்கிற இடம். அந்த இடத்தைப் பார்த்ததும் அறுபது வருசப் பழக்கம் என் கையைப் பிடித்து இழுத்தது. பொடிச் செப்பு ஆணி பன்னிரண்டு எடுத்துச் சுற்றிலும் அடித்தேன். இடுக்கில் பஞ்சு நூலைத் திணித்தேன். அதன் மேல் குங்கிலியத்தையும் எண்ணெயையும் காய்ச்சிப் பூசினேன். பலகை இடுக்கில் தண்ணீர் புகாமல் நாங்கள் அடைக்கிற இந்த வேலைக்குக் கலப்பத்து என்று பெயர். வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். ஓர் ஊசி வெளிச்சம் உள்ளே போகவில்லை. எனக்கு அப்படி ஒரு பெருமை.

என் பட்டறைத் தலைமை ஓடாவி எட்டிப் பார்த்தான். "மொதலாளி, உள்ள தண்ணி ஊத்தி ஒழுகுதான்னு பாத்துருவமா?"

"போலே, வேலயப் பாரு," என்றேன். ஆனால் ஊற்றியிருந்தாலும் ஒழுகியிருக்காது.

பூசைக்கு எட்டு நாள் இருந்தது. நரம்பு மாட்டி, துணியில் சுற்றி, வீட்டுக்குக் கொண்டுபோய் அவள் மடியில் வைத்தேன். அவள் தடவிப் பார்த்தாள். பூவரசின் ரேகை காப்பி நிறத்தில் ஓடியது. கண் கலங்கிவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன். நரம்பை மீட்டினாள்.

தொப்.

இன்னொரு தரம் மீட்டினாள். நனைந்த சாக்கைத் தட்டினாற்போலத் தொப். பழைய யுகுலேலேயே இதைவிடத் தேவலை. அதற்கு இப்போது நரம்பும் கிடையாது.

நான் குனிந்து கூம்பைப் பார்த்தேன். அவள்தான் பேசினாள்.

"நல்லாத்தான் செஞ்சிருக்கிய. கடல்ல போட்டா மெதக்கும்."

எழுந்து குசினிக்குள் போனவள் அங்கிருந்தபடியே, "பரவால்ல, புடிச்சிக்கிட்டு நிக்கேன். போட்டோவுல அழகா இருக்கும்," என்றாள்.

அவள் இறங்கிப் போகிறேன் என்று சொன்னதைவிட, இந்தப் பரவாயில்லைதான் என்னைத் தூங்கவிடவில்லை.

குறை என்னுடையதாக இருக்க முடியாது என்று எனக்கு உறுதி. அப்படியானால் கூம்பின் குறை. விடிந்ததும் சாப்பாட்டு மேசையில் வைத்து ஆணி பன்னிரண்டையும் பிடுங்கினேன், பஞ்சை உருவினேன், குங்கிலியத்தைச் சுரண்டினேன். கூம்பைச் சிநேகிதரிடம் கொண்டுபோய் அவர் மூஞ்சியில் காட்ட வேண்டும். எப்படிக் கொண்டு போவது? காகித கனம். பையில் போட்டால் நசுங்கும், ஸ்கூட்டர் பெட்டியில் போட்டால் ஒடுங்கும். பத்திரமான இடம் அதன் சொந்த இடம்தான் என்று தோன்றியது. மறுபடியும் படியில் வைத்து, வில்லையையும் குதிரையையும் வைத்து, விழாமல் இருக்க நரம்பை மாட்டி முறுக்கிவிட்டேன். ஆணி அடிக்கவில்லை. திரும்ப லேத்துக்குப் போகிற சாமானுக்கு ஆணி எதற்கு?

சட்டை மாட்ட உள்ளே போனேன். அவள் இட்லித் தட்டை வைக்க இடம் பண்ணுவதற்காக மேசையிலிருந்து அதை ஓரமாகத் தள்ளினாள். கைவிரல் நரம்பில் பட்டுவிட்டது.

உப்புப் பிடியை யாரோ சட்டியில் எறிந்தார்கள்.

நான் ஒரு கை சட்டைக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக ஓடி வந்தேன். அவள் இட்லித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"இப்ப என்ன செஞ்சிய?"

"ஒண்ணும் செய்யல."

"அப்ப இனிமேலும் ஒண்ணும் செய்யாதிய."

"ஏளா, ஆணி இல்ல அதுல. சும்மா வச்சிருக்கு. கழண்டு போயிரும்."

"எங்க கழளும்? மேல நாலு நரம்பு அமுக்கிக்கிட்டு கெடக்குல்லா." தட்டை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அந்தப் பாட்டைத் தொடங்கினாள். ஜன்னலில் பேரப்பிள்ளைகளின் தலை வந்தது, பக்கத்து வீட்டுக்காரியின் தலையும் வந்தது. இட்லி ஆறிப்போனது. ஒருவரும் அதைப் பற்றிக் குறை சொல்லவில்லை.

வெளியில் நான் இதைச் சொல்லும்போது, யோசித்து யோசித்து நானே கண்டுபிடித்தேன் என்றுதான் சொல்வேன். எழுத்தில் நிற்கப்போகிறது என்பதால் நடந்ததை எழுதுகிறேன். பிறகுதான் எனக்குப் புரிந்தது. நரம்பு குதிரையை அழுத்துகிறது, குதிரை வில்லையை அழுத்துகிறது, வில்லை கூம்பைப் படியில் அழுத்துகிறது. வேறு பிடிப்பு வேண்டியதில்லை, இருக்கவும் கூடாது. விளிம்பில் அசைய இடம் இருந்தால்தான் கூம்பு பாடும். கடலின் மேல் தோணியை எந்த ஓடாவி ஆணி அடித்து வைத்தான்? தன் பாரத்தில் தானே உட்கார்ந்திருக்கிறது, அசைகிறது. நான் தோணியைக் கட்டியவன். கூம்புதான் தோணி, என் மரப்படிதான் கடல் என்று ஆணி அடிக்கும்போது எனக்குத் தெரியாமல் போயிற்று.

ஒரு சின்ன நோவு மட்டும் மிச்சம் இருந்தது. மூன்றாவது நரம்பைத் தட்டினால் ஈ மொய்க்கிற மாதிரி ஓர் இரைச்சல். விளிம்பு படியில் எங்கோ சரியாக உட்காரவில்லை. இதற்கு மருந்து என்னிடம் உண்டு. கூம்பின் விளிம்பில் காவியைக் குழைத்துத் தடவி, படியில் வைத்து அரை வட்டம் திருப்பி எடுத்தேன். மரத்தில் சிவப்பு எங்கெங்கே ஒட்டியதோ அந்த இடம் மேடு. கண்ணாடிச் சில்லால் சுரண்டினேன். மறுபடி காவி, மறுபடி சுரண்டல். இரண்டு நாள். கடைசியில் சிவப்பு ஒரே வளையமாக விழுந்தது. ஈ போய்விட்டது. இதை மட்டும் நான்தான் செய்தேன், இதில் யாருக்கும் பங்கு கிடையாது.

பாட்டுப் பழக்கத்துக்கு அவள் அதைக் கொண்டுபோனாள். நான் போகவில்லை, கோயில் மதிலுக்கு வெளியே ஸ்கூட்டரில் சும்மா உட்கார்ந்திருந்தேன். பாடகர் குழுத் தம்பி வெளியே வந்தார்.

"மாமா, கடைசி அடியில கீபோர்ட நிறுத்திருதேன். மாமி தனியா வாசிக்கட்டும்."

"போட்டோவுக்கா?" என்றேன்.

"அத இன்னும் மறக்கலையா நீங்க," என்று சிரித்தார்.

பூசை அன்று எங்கள் இரண்டு பேருக்கும் முன்னால் நாற்காலி போட்டிருந்தார்கள். கழுத்தில் மாலை. எனக்குப் பட்டு வேட்டி வழுக்கிக்கொண்டே இருந்தது. முடிவில் அவள் மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டுப் பாடகர் குழுவோடு போய் நின்றாள். பாட்டு ஆரம்பித்தது. கீபோர்டும் தபேலாவும் இருபது வாயும் முழங்கின. பிறகு எல்லாம் நின்றது. அவள் விரல் இறங்கியது.

எனக்குக் கேட்டது. ஆனால் நான் முதல் வரிசையில் இருக்கிறவன், எனக்குக் கேட்டு என்ன ஆகப்போகிறது? கடைசிப் பெஞ்சுக்குக் கேட்கிறதா? ஒரு தோணியைக் கடலில் இறக்கினால் கரையில் நின்று கைதட்டுகிற ஆள் நான் இல்லை, உள்ளே இறங்கித் தடவிப் பார்க்கிறவன். மாலையோடு எழுந்து நடு வழியாக நடந்தேன். பத்தாவது வரிசையில் கேட்டது. கடைசிப் பெஞ்சில் நன்றாகக் கேட்டது, கட்டடத்தின் உயரத்தில் ஏறி இறங்கி வந்ததால் இன்னும் உருண்டு கேட்டது. வாசல் தாண்டினேன். படியில் கேட்டது. வேப்பமரத்தடியில் கேட்டது. மதிலுக்கு வெளியே மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா என் மாலையை மேலும் கீழுமாகப் பார்த்தாள்.

"உள்ள என்ன மாமா சத்தம், கணகணன்னு?"

"என் பொண்டாட்டி," என்றேன்.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது பாட்டு முடிந்திருந்தது. பூசை வைத்த சாமியார் என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு பக்தி இல்லை. மருமகள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

விருந்து எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அவள் யுகுலேலேயைத் துணியால் துடைத்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"அம்பதாவது வருசத்துல மாலையும் கழுத்துமா கோயில்ல இருந்து எறங்கி ஓடுன மாப்பிள நீங்க ஒருத்தருதான். நான் ஒத்தையில வாசிச்சிக்கிட்டு நிக்கேன், இவுக முதுகக் காட்டிக்கிட்டுப் போறாக. ஊரு என்ன நெனைக்கும்?"

"சத்தம் எது வரைக்கும் வருதுன்னு பாக்கப் போனேன்."

"ஒங்களுக்கு ஒங்க பொட்டிதான் பெரிசு."

நான் வேட்டியை மாற்றினேன். அவள் நரம்பைத் துடைத்தாள், கழுத்தைத் துடைத்தாள், துடைத்ததையே மறுபடியும் துடைத்தாள்.

"எது வரைக்கும் கேட்டிச்சு?"

"ரோடு வரைக்கும்."

"ரோட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

"இந்தப் பக்கம். அந்தப் பக்கம் தாண்டலாம்னு பாத்தேன், லாரி வந்திட்டு."

அவள் பெட்டியை மடியில் சரியாக வைத்துக்கொண்டாள்.

"அப்பம் வார ஞாயித்துக்கெழம அந்தப் பக்கம் போய் நின்னு பாருங்க," என்றாள். "மாலையப் போட்டுக்கிட்டுப் போயிராதிய."